சுண்ணாம்பும் கடுக்காயும்: சேப்பாக்கம் மாளிகையின் புதுப்பிப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

பழைய மாளிகையைப் புதுப்பிப்பது வரலாற்றைக் காப்பாற்றுகிற காரியம் என்று நம்மில் பலரும் நம்புகிறோம். எந்த வரலாற்றை, யாருடைய வரலாற்றை என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். 'இடிச்சாலும் திட்டறீங்க, கட்டினாலும் திட்டறீங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பேசப்போவது சென்னைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் சேப்பாக்கம் மாளிகையைப் பற்றி, அதாவது ஆர்க்காட்டு நவாபின் அரசு இருப்பிடத்தைப் பற்றி. ஆனால் அதைக் காட்பாடியிலிருந்துகொண்டு பார்க்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஆர்க்காட்டுடையது, அதைக் கட்டிய வரிப்பணம் ஆர்க்காட்டுச் சீமையுடையது, மாளிகை மட்டும் சென்னையில். ஆர்க்காட்டில் இன்று நவாபுகளின் பேர் சொல்ல டெல்லி கேட்டும் சில இடிபாடுகளும்தான் மிச்சம். இந்த இடப்பெயர்ச்சிக்குள்தான் விஷயமே இருக்கிறது.

2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை நேரம். 15ஆம் தேதி இரவு மாளிகையின் கலஸ் மஹால் பகுதியில் தீப்பிடித்தது. கூரை இடிந்து உள்ளே விழுந்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். நவாப் மாளிகை எரிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் எரிந்தது என்ன? நவாபின் சாமான்கள் அங்கே எதுவும் இல்லை. அவை போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எரிந்தவை தொழில் வணிகத் துறையின் கோப்புகள், அவற்றை வைத்திருந்த அலமாரிகள், தேக்கு உத்தரங்கள். ஆனால் தீ அணைந்த மறுநாளே அந்த அலுவலகம் எல்லோருடைய ஞாபகத்திலிருந்தும் காணாமல் போய்விட்டது. 1768ஆம் வருஷத்து மாளிகை ஒன்றுதான் பாக்கி. இடித்துவிடலாமா, திரும்பக் கட்டலாமா என்ற விவாதத்தில் இரண்டு தரப்புமே அதைப் பற்றித்தான் பேசின. கடைசியில் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. பொதுப்பணித் துறை அதைச் செய்தும் முடித்தது. பிறகு, பாழாய்க் கிடந்த ஹுமாயூன் மஹாலும் புதுப்பிக்கப்பட்டது. வேலை நன்றாகவே நடந்திருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. சிமென்டைப் பூசி மூடிவிடாமல் சுண்ணாம்புச் சாந்தையும் மெட்ராஸ் டெரஸ் தளத்தையும் திரும்பக் கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் 1768 என்று ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்ததும் நாம் ஒரு கதையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கி, ஆம்பூரிலிருந்து வாசித்துப் பார்ப்போம்.

1749 ஆகஸ்ட் 3. ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்படுகிறார். எதிரில் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. அன்வருத்தீனின் மகன் முகமது அலி தப்பித் திருச்சிராப்பள்ளிக்கு ஓடுகிறார். அவரைக் காப்பாற்றவென்று சொல்லித்தான் 1751இல் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடிக்கிறான். 1763 பாரீஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின் நவாப் என்று ஏற்கிறது. ஐரோப்பாவில் இரண்டு அரசுகள் போட்ட கையெழுத்தில், பாலாற்றங்கரையில் ஒருவருக்குப் பட்டம். இனி அவர் எங்கே குடியிருப்பது? ஆர்க்காட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பில்லை. பாதுகாப்பைக் கடனுக்குக் கொடுத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். கோட்டைக்குள்ளேயே ஒரு மாளிகை கட்டிக்கொள்ளும் யோசனைகூட இருந்தது, நடக்கவில்லை. கடைசியில் கோட்டைக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில், 117 ஏக்கரில் சேப்பாக்கம் மாளிகை எழுந்தது. இரண்டடுக்குக் கலஸ் மஹால், அதற்கு வடக்கே ஹுமாயூன் மஹால். கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்லப்படுகிறது. கம்பெனியின் இன்ஜினீயராக வந்து, கான்ட்ராக்டராகி, வட்டிக்கடைக்காரனாகவும் ஆன ஆள்.

இந்தப் பென்ஃபீல்டை நம்முடைய கட்டடக்கலைப் பிரியர்கள் 'இந்தோ சாராசெனிக் பாணியின் முன்னோடி' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். கட்டடத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வேறு ஆள். கம்பெனிச் சிப்பாய்களின் செலவை நவாப் ஏற்க வேண்டும்; பணம் இல்லாவிட்டால் கம்பெனி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கொடுப்பார்கள்; வட்டிக்கு ஈடாக நவாப் இன்ன சீமையின் நிலவரியை இன்னாருக்கு என்று எழுதிக் கொடுப்பார். கடன்காரனுடைய ஆள் அறுவடைக்கு முன்னாலேயே களத்துமேட்டில் வந்து உட்கார்ந்துவிடுவான். அதாவது கடன் வாங்கியவர் சேப்பாக்கத்தில், கொடுத்தவர் கோட்டையில், கட்டுகிறவர் ஆர்க்காட்டிலும் வேலூரிலும் வயலில் நிற்கிறவர். தஞ்சாவூரின் விளைச்சல் மீதும் தனக்கு உரிமை உண்டென்று பென்ஃபீல்டு கிளப்பிய தகராறு எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1776இல் கவர்னர் பிகாட்டையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். மறு வருஷம் அவர் காவலிலேயே செத்தார். ஒரு வட்டிக்கணக்கு கவர்னரையே கவிழ்த்த கதை. 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் மணிக்கணக்காகப் பேசியது இந்த 'ஆர்க்காட்டு நவாபின் கடன்'களைப் பற்றித்தான்.

பின்னால், 1805க்குப் பிறகு, இந்தக் கடன்களைச் சரிபார்க்க ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் 1830 வாக்கில் முடித்தபோது, கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மை என்று தேறவில்லை. மீதியெல்லாம் பொய்ப் பத்திரம், வட்டிக்கு வட்டி, இறந்துபோனவர் பெயரில் எழுதியது. அந்தத் தேறிய பங்கைத் தீர்க்கவும் கர்நாடகத்தின் வருவாயிலிருந்தே வருஷா வருஷம் பணம் ஒதுக்கினார்கள். முகமது அலி 1795இலேயே காலமாகிவிட்டார், அவருடைய மகனும் 1801இல் போய்ச் சேர்ந்தார். ராஜ்ஜியமே கம்பெனி கைக்குப் போன பிறகும் கடன் மட்டும் சாகவில்லை.

1801 என்ற வருஷத்தை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பம் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்று குற்றம் சாட்டப்பட்டது. நவாப் உம்தத்துல் உமரா சேப்பாக்கத்தில் சாகக் கிடந்தபோது கம்பெனிப் படை மாளிகையைச் சூழ்ந்துகொண்டது, ஒழுங்கைக் காப்பாற்ற என்று காரணம் சொல்லிக்கொண்டு. அவர் செத்த அதே ஜூலை மாதக் கடைசியில் கர்நாடகம் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதைச் செய்து முடித்த கவர்னர் எட்வர்டு கிளைவ், ஆர்க்காட்டைப் பிடித்த கிளைவின் மகன்.

இந்த மகன் கிளைவும் ஒரு புதுப்பிப்பாளர்தான். மாளிகைக்குச் சற்று வடமேற்கே, கூவத்தையொட்டி இருந்த கவர்னர் மாளிகை அவருக்குப் போதவில்லை. 1753இல் போர்த்துக்கீசிய வணிகக் குடும்பம் ஒன்றிடமிருந்து கம்பெனி வாங்கிய வீடு அது. லாலியின் முற்றுகையில் சேதமாகி, அவ்வப்போது ஒட்டுப் போட்டு வந்தது. கிளைவ் அதை விரிவாக்கி, பக்கத்தில் பெரிய விருந்து மண்டபம் ஒன்றையும் கட்டவைத்தார். வேலையை மேற்பார்த்தவர் ஜான் கோல்டிங்ஹாம், கம்பெனியின் வானியலாளர். நட்சத்திரம் பார்க்கிறவரைக் கூப்பிட்டு நடன மண்டபம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்! பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய இரண்டு வெற்றிகளை, அதாவது அப்பா காலத்து வெற்றியையும் தன் காலத்து வெற்றியையும், சேர்த்துக் கொண்டாடுவதற்காக 1802இல் திறக்கப்பட்ட மண்டபம் அது. நாம் இன்று ராஜாஜி ஹால் என்று அழைப்பது இதைத்தான். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று வரிசையாகத் தலைவர்களின் உடல்களைப் பார்க்க ஜனங்கள் ஏறிய படிக்கட்டுகள் திப்புவின் சாவைக் கொண்டாடக் கட்டப்பட்டவை. செலவைக் கேட்டு லண்டனில் இருந்த இயக்குநர்கள் கொதித்துப்போனார்கள். உள்ளூர் ராஜாக்களின் ஆடம்பரத்தை நாமும் காப்பியடிப்பது வியாபாரத்துக்கு ஆகாது என்பது அவர்களுடைய கண்டனத்தின் சாரம். வியாபாரிகள் அல்லவா, சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அதே 1802இல்தான் திப்பு, ஹைதர் ஆகியோரின் அரண்மனைப் பெண்கள், பணிப்பெண்கள், ஆடுமகளிர் என்று ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னையில் வெற்றிக்கு மண்டபம், வேலூரில் தோற்றவர்களுக்கு 'மஹால்'. திப்பு மஹால், ஹைதர் மஹால், பாதுஷா மஹால், பேகம் மஹால், கண்டி மஹால் என்று ஐந்து மஹால் கோட்டைக்குள் இருப்பதாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். மஹால் என்றால் அரண்மனை என்று பொருள் சொல்லித்தருகிறோம். ஜெயிலை மாமியார் வீடு என்று கேலி செய்வோமே, அந்தக் கேலியைக் கம்பெனி கொஞ்சமும் சிரிக்காமல் செய்திருக்கிறது. திப்பு தன் பெயரில் உள்ள மஹாலில் வாழ்ந்தவரில்லை. அவருடைய குடும்பம் அங்கே சிறையிருந்தது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1816இல் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30இல் சாகும்வரை பதினாறு வருஷம் இங்கேயே இருந்தான்.

1806 ஜூலை 9இல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். விடிந்தால் சிப்பாய்க் கலகம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். புதிய தலைப்பாகையில் வைத்திருந்த தோல் குஞ்சம் சிப்பாய்களின் மதத்தைப் புண்படுத்தியது என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தோலைத் தொடுவதே தீட்டு என்ற எண்ணத்தை அப்படியே 'உணர்வு' என்று எழுதிவிட்டு நகர்வதை, தோல்தான் சோறு என்று இருக்கும் இந்த வட்டாரத்தில் உட்கார்ந்து படிப்பவர்களால் சும்மா படித்துவிட முடியாது. தேசிய வரலாறு தன் முதல் கலகத்தைச் சொல்லும் இடத்திலேயே ஒரு சாதியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

சேப்பாக்கத்துக்குத் திரும்புவோம். 1801க்குப் பிறகு நவாப் வெறும் பட்டம். 1855இல் குலாம் முகமது கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் டல்ஹௌசி அந்தப் பட்டத்தையும் ஒழித்தார். மாளிகை, கடனைத் தீர்க்கவென்று ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது யார்? சென்னை அரசாங்கமே. 1859இல் இப்படியாக நவாபின் இருப்பிடம் சர்க்கார் கச்சேரி ஆனது. பிறகு ராபர்ட் சிஷோம் வந்தார். இரண்டு மஹால்களுக்கும் நடுவில் கோபுரம், கடற்கரைப் பக்கம் வருவாய் வாரியத்துக்கான கட்டடம் என்று நவாபு பாணியிலேயே, நவாபைவிட அதிகமான நவாபுத்தனத்தோடு கட்டினார். மாளிகையின் நிலத்தில் ஒரு பகுதி கிரிக்கெட் மைதானமானது. இன்னொரு பக்கம், 1798இல் கம்பெனி அலுவலகமாகக் கட்டப்பட்டு, பின்பு ராயப்பேட்டையில் போலீஸ் கோர்ட்டாக இருந்த கட்டடத்தை அதே சிஷோமைக் கொண்டு திருத்தி, ஆர்க்காடு இளவரசர் என்ற புதுப் பட்டம் பெற்ற குடும்பத்துக்குக் குடியிருக்கக் கொடுத்தார்கள். அதுதான் அமீர் மஹால். அரண்மனை ஆபீஸ் ஆனது, ஆபீஸ் அரண்மனை ஆனது. இரண்டுக்கும் ஒரே ஆர்க்கிடெக்ட்.

காலனியம் இடித்தது, நாம் காப்பாற்றுகிறோம் என்ற எளிய கதையாடல் இங்கே செல்லுபடியாகவில்லை. காலனியம் இடிக்கவும் செய்தது, மிகுந்த அக்கறையோடு புதுப்பிக்கவும் செய்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து, அதன் தேக்கு உத்தரங்களை மலையேற்றி ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குக் கூரை போட்டார்கள். அதே ஊரில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780 புல்லலூர்ப் போரின் ஓவியம் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கத்தில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கிய காட்சி. அது அழிந்துகொண்டிருந்தபோது திரும்பத் தீட்டச் சொல்லி உத்தரவிட்டவர் யார் என்று பார்த்தால், அதே டல்ஹௌசி! சேப்பாக்கத்து நவாபுப் பட்டத்தை ஒழித்த கை, ஏறக்குறைய அதே வருஷங்களில், வெள்ளைக்காரன் தோற்ற காட்சிக்கு வர்ணம் பூசச் சொல்கிறது. முரண்பாடு என்று தோன்றலாம். எதிரி இனி எழுந்து வரமாட்டான் என்று உறுதியான பிறகுதான் அவன் வீட்டை அழகுபடுத்த மனசு வருகிறது. ஓவியம் அரசியலாக இருந்த காலம் போய், கலையாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. பிரான்சில் வியோலே ல டுக் என்பவர், ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பதென்றால் அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்கு அதைக் கொண்டுவருவதுதான் என்று கூசாமல் சொன்னார். இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1877இல் இதற்கு எதிராகச் சங்கமே தொடங்கினார். சுவரைச் சுரண்டாதே, ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு, மற்றபடி காலம் எழுதியதை அழிக்காதே என்பது அவருடைய கட்சி. மோரிஸ் சோஷலிஸ்டானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பல தலைமுறைக் கைகளின் வேலை ஒரு சுவரில் அடுக்கடுக்காக இருக்கிறது, ஒரு அடுக்கை மட்டும் 'அசல்' என்று சொல்லி மற்றதைச் சுரண்டினால் அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் சுரண்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சேப்பாக்கத்தில் சுரண்டப்பட்ட அடுக்கு எது? நூற்றைம்பது வருஷத்து ஆபீஸ். மரத் தடுப்புகள், பொய்க்கூரை, தொங்கும் ஒயர், வெற்றிலைக் கறை. 'கட்டடத்தைச் சீரழித்த ஆக்கிரமிப்பு' என்று இவற்றைச் சொல்வது சுலபம். குமாஸ்தாக்களின் அழகுணர்ச்சிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் நவாப் காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாத ஒரு ஜனத்திரள், மனுவோடு, லைசென்சோடு, லோன் விண்ணப்பத்தோடு உள்ளே நடந்தது இந்தச் சீரழிந்த ஆபீசுக்குள்தான். மாளிகை ஜனநாயகப்பட்டது அதன் மிக அசிங்கமான காலத்தில். அந்தக் காலத்துக்குப் புதுப்பித்த கட்டடத்தில் ஒரு மூலைகூட ஒதுக்கவில்லை.

கவர்னர் மாளிகையின் கதி வேறுவிதம். 1947ஐ ஒட்டிக் கவர்னர் கிண்டிக்குப் போய்விட்டார். மகன் கிளைவ் இத்தனை செலவில் திருத்திய வீடு புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்துக்காக 2008-09இல் இடிக்கப்பட்டது. 2010 மார்ச்சில் திறந்த அந்த வளாகமும் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டு 2014இல் மருத்துவமனை ஆனது. விருந்து மண்டபம் தப்பியது. கவர்னர் படுத்துறங்கிய இடம் போனது, கொண்டாடிய இடம் மிச்சம். காலனியச் சின்னம் தொலைந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தோஷமில்லை. சான்றுப் பொருளை எரித்துவிட்டு எதிரியைத் தோற்கடித்ததாகச் சொல்கிற வேலை அது.

இனி சுண்ணாம்பு. புதுப்பிப்பு வேலை நடக்கும்போது செய்தித்தாள்களில் அடிக்கடி வந்த சொற்கள்: சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம். 'நம் முன்னோர்களின் ரகசியக் கலவை' என்கிற ரீதியில். ரகசியம் ஒன்றுமில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெள்ள மெள்ளத் திரும்பக் கல்லாகிறது. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு பல நாள் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்து அரைத்தால் சாந்து குழைவாகிறது, வெடிப்பு குறைகிறது, இறுகிய பிறகும் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட முடிகிறது. அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். கடுக்காயில் வேலை செய்வது அதன் துவர்ப்பு.

இந்தப் பட்டியலைப் படித்தபோது வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சுண்ணாம்பும் கடுக்காயும்! எங்கள் தோல் ஷாப்புகளின் சாமான் அல்லவா இது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டால் மயிர் கழன்றுவரும். வழித்துச் சுத்தம் செய்த தோலை ஆவாரம் பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, கடுக்காய்த் தண்ணீரில் முடிப்பார்கள். சுவரில் வேலை செய்கிற அதே துவர்ப்புதான் தோலை அழுகாமல் பிடித்துவைக்கிறது. சென்னையிலிருந்து கப்பலேறி உலகச் சந்தையில் பெயர் வாங்கிய பட்டைத் தோல் இப்படிச் செய்ததுதான். 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரிசோதித்தார். 1970களில், பாதி பதனிட்ட தோலுக்குப் பதில் முழுதாக முடித்த தோலையே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசு கொள்கையை மாற்றியதும் குரோம் இங்கே தொட்டி தொட்டியாகப் பரவியது. பாலாறு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே சுண்ணாம்பு, ஒரே கடுக்காய். மாளிகைச் சுவரில் பூசினால் பாரம்பரியம். தொட்டியில் கலக்கினால் நாற்றம், தீட்டு, 'அந்தப் பக்கம் போகாதே'. சாந்து அரைத்த சித்தாளின் கையிலும் சுண்ணாம்புப் புண்தான், தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவரின் காலிலும் சுண்ணாம்புப் புண்தான். பாரம்பரியம் என்ற சொல் பொருளுக்குக் கிடைக்கிறது, கட்டடத்துக்குக் கிடைக்கிறது, கைக்குக் கிடைப்பதில்லை. அதிலும் தோல் தொட்டியில் இறங்கும் கை பெரும்பாலும் தலித் கை என்பதால் அந்த அறிவை அறிவு என்று சொல்லவே நம்முடைய மரபு ஆர்வலர்களுக்கு வாய் வருவதில்லை. கடுக்காயின் குணத்தை ஒரு கொத்தனாரைவிட நுணுக்கமாகத் தெரிந்தவர்கள் ஆம்பூரில் இருக்கிறார்கள்.

புதுப்பித்த கலஸ் மஹாலில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. யார் திட்டமிட்டும் இப்படியொரு பொருத்தம் அமையாது. பாலாற்றைப் பற்றி, ராணிப்பேட்டை நிலத்தடி நீரைப் பற்றி மனுக் கொடுக்கிற ஆர்க்காட்டுச் சீமைக்காரர், ஆர்க்காட்டு நவாபின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து வரியும் வட்டியும் போன அதே வழி. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்கள் படுத்திருந்த இடமும் ஒரு இருப்பிடம்தான். அதற்கு மஹால் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கிய தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் பாடம். அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 547 தோல் தொழிற்சாலைகளைப் பொறுப்பாக்கியது. பாதிக்கப்பட்ட 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு என்று கணக்கும் போட்டது. அந்தக் கணக்கின் பாக்கியையும், அதற்குப் பிறகு தொடர்ந்த சேதத்தையும் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பென்ஃபீல்டு கூட்டத்தின் பொய்க் கடனைச் சல்லடை போட்டுச் சலித்துத் தேறியதைத் தீர்க்க ஒரு சாம்ராஜ்ஜியம் கால் நூற்றாண்டு உட்கார்ந்து வேலை பார்த்தது. பாலாற்று விவசாயியின் நிஜக் கடனுக்கும் அதே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அங்கே தீர்ந்தது, இங்கே திரும்பவும் ஆணை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு என்னதான் வேணும்? பெரிதாக ஒன்றுமில்லை. வேலூர்க் கோட்டை மஹால்களைப் பொலிவுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் ஊரில் அவ்வப்போது எழுகிறது. எழட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வெகுகாலம் போலீஸ் பயிற்சிப் பள்ளி நடந்த கட்டடங்கள் அவை. அந்த அடுக்கைச் சுரண்டிவிட்டுத் திப்பு காலத்து அரண்மனை என்று ஒரு பொய்யைப் பூச வேண்டாம். அங்கே சிறையிருந்த பெண்களுக்குப் படி அளந்த அதிகாரி லெப்டினன்ட் கர்னல் மேரியட். யார் யார், எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு படி என்று எழுதப்பட்ட கம்பெனிக் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. சமையல்காரியும் அடிமைப் பெண்ணும் அந்தக் கணக்கில்தான் மனுஷியாக இடம்பெறுகிறார்கள். அதைத் தமிழிலும் உருதுவிலும் எழுதி மஹால் சுவரில் மாட்டலாம். சேப்பாக்கத்திலும் அப்படித்தான். நவாபின் கடன்காரர் பட்டியல் நாடாளுமன்ற அறிக்கைகளாக அச்சில் இருக்கிறது. கோரிய தொகை ஒரு பத்தி, தேறிய தொகை ஒரு பத்தி. தீர்ப்பாயத்துக்குப் போகிற வழியில், தாழ்வாரத்துச் சுண்ணாம்புச் சுவரில் அதை வைக்கட்டும். பக்கத்திலேயே 2001ஆம் வருஷத்து 547 தொழிற்சாலைகளின் பட்டியலையும்.